கொட்டிலில் நிற்கும் மொரிஸ் மைனரை வீட்டில் உள்ளவர்களுக்கு எப்படிப் பிடிக்கவைப்பது?

தம்பி, வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பா விட்டுச்சென்ற மொரிஸ் மைனர் 1000 கார் ஒன்றும் பி.எஸ்.ஏ. பன்ரம் மோட்டார் சைக்கிள் ஒன்றும் திருகோணமலை உப்புவெளி வீட்டுக் கொட்டிலில் நிற்கின்றன. உங்களுக்கு இரண்டையும் ஓடவைக்க ஆசை. மனைவி பழைய இரும்பு எடுக்கிறவனைக் கூப்பிடச் சொல்கிறார். பதினான்கு வயது மகளும் பத்து வயது மகனும் அந்தப் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை. கனடாவில் இருக்கும் அண்ணா "வித்துப்போட்டுக் காசைப் பிரிப்பம்" என்கிறார். அம்மா மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. இந்த ஆசையை வீட்டோடு எப்படிப் பங்கிடுவது, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் தொழில் தெரிந்த மெக்கானிக் இல்லை. கந்தோரில் பேனா பிடித்து ஓய்வுபெற்றவன். ஆனால் முப்பது வருடத்துக்கு மேலாகக் கையில் கிறீஸோடு திரிகிறேன், உங்கள் வீட்டில் நடப்பதெல்லாம் என் வீட்டிலும் நடந்திருக்கிறது. கோபம் காரின் மேல் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கொட்டிலுக்குள் போன மனுசன் மத்தியானச் சோற்றுக்கும் வராததில் வருகிறது. என் மனைவி எங்கள் மொரிஸுக்கு வைத்த பெயர் "மூத்தாள்". கை கழுவ உள்ளே வந்தால், "மூத்தாளுக்குச் சாப்பாடு குடுத்தாச்சோ?" என்பார். நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். இப்படி எட்டு வருடம். இந்த எட்டு வருடத்தில் அந்தக் காரில் யாரையும் கை வைக்க விட்டதில்லை என்பது எனக்கே பிறகுதான் உறைத்தது. மகன் ஒருமுறை ஒரு நட்டைக் கீழே போட்டுவிட்டான் என்று சத்தம் போட்டிருக்கிறேன். ஒரு நட்டுக்கு!

மாறியது ஒரு சாலியால். ஹொண்டா சாலி தெரியும்தானே, 1972இல் வந்த சின்ன மோட்டார் சைக்கிள். பத்து அங்குலச் சில்லு, கையில் கிளச் கிடையாது, சேலையோடு ஏறலாம். எங்கள் பக்கத்தில் எத்தனையோ ரீச்சர்மார் அதில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தார்கள். என் மாமியும் ஒருவர். அவருடைய சாலி மாமரத்துக்குக் கீழே கிடந்தது, சீற்றுக்கு அடியில் கோழி முட்டை இடும். நான் அதையும் மொரிஸின் ஒரு கேஸ்கெட் செலவுக்காக விற்கப் பார்த்தேன். மனைவி அன்றைக்குப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அந்தச் சாலியின் முன்பக்கத்தில் நின்றபடிதான் அவர் சின்ன வயதில் நிலாவெளி வீதியால் போய் வந்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. கேட்டதும் இல்லை.

பிறகு மூத்தாளை மூடிவைத்துவிட்டு சாலியைக் கையில் எடுத்தோம். காபரேற்றருக்குள் இருந்த பெற்றோல் பிசினாகி, சின்ன ஜெட் முழுவதும் அடைத்துப் போயிருந்தது. அதை ஒரு மெல்லிய செப்புக் கம்பியால் குத்தித் திறந்தது மனைவிதான். ஊசியில் நூல் கோர்க்கிற கை, என்னுடையதைவிடப் பொறுமையான கை. இரண்டு மாதத்தில் அது ஓடியது. 2022இல் இலங்கையில் பெற்றோல் தட்டுப்பாடு வந்து வரிசையில் நின்றோமே, பங்கீட்டுக்குக் கியூ.ஆர். அட்டை தொடங்கியபோது கிழமைக்குக் காருக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். அந்த நாலு லீற்றரில் எங்கள் வீட்டின் சந்தை, மருந்து, ரியூசன் எல்லாம் ஓடியது அந்தச் சாலியில்தான். அதற்குப் பிறகு பழைய வாகனம் என்றால் வீட்டில் யாரும் முகம் சுளிப்பதில்லை.

ஆகவே என் முதல் ஆலோசனை: எந்த வாகனம் உங்களுக்குப் பிடிக்கும் என்று பாராமல், எந்த வாகனத்தில் வீட்டில் யாருடைய நினைவு கிடக்கிறது என்று கேளுங்கள். உங்கள் அம்மா ஒன்றும் சொல்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு பின்னேரம் மொரிஸின் பின்சீற்றைத் துடைத்து, கதவைத் திறந்துவிட்டு அவரைச் சும்மா உள்ளே இருக்கச் சொல்லுங்கள். எஞ்சின் வேண்டாம். ஒரு பிளேன்ரீயைக் கையில் குடுத்தால் போதும். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கட்டும். யாரை எந்தச் சாமத்தில் ஆசுபத்திரிக்குக் கொண்டு போனது, எந்தக் கலியாணத்துக்கு எத்தனை பேர் அடைந்து போனது, இடம்பெயர்ந்தபோது எதை ஏற்றினது, எதை விட்டது, எல்லாம் வரும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஆச்சி காருக்குள் இருந்துகொண்டு சொன்ன கதையை, அதுவரை ஃபோனைவிட்டுத் தலை நிமிராத பேரன் அதே ஃபோனில் பதிவு செய்தான். நாற்பது நிமிடம். கார் ஓரடி அசையவில்லை.

இலக்கத்தகடும் ஒரு கதைதான். சுதந்திரத்துக்கு முன்னும் பின்னுமாக வந்த வாகனங்களில் சி.ஈ., சி.எல்., ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்று சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளை இரண்டிரண்டாக எடுத்துப் போட்டிருப்பார்கள். 1957இல் அந்த இடத்துக்குச் சிங்கள ஸ்ரீ வந்தது. அதை எதிர்த்து தமிழ் எழுத்தில் ஸ்ரீ எழுதிக்கொண்டு கார் ஓடினார்கள், வழக்குக்கும் போனார்கள். 1958இன் கலவரத்துக்கு முந்திய மாதங்களில் அதுதான் ஊர் முழுக்கப் பேச்சு. மைனர் 1000 என்பது 1956 கடைசியில் வெளிவந்த மாதிரி, ஆகவே உங்களுடையது பெரும்பாலும் ஸ்ரீ இலக்கமாகத்தான் இருக்கும். பதினான்கு வயது மகளுக்குப் பாடப்புத்தகத்தில் இல்லாத சரித்திரம் சொந்தக் காரின் பம்பரில் தொங்குகிறது. அதைச் சொல்லிக் கொடுக்க ஸ்பானர் தேவையில்லை.

மகனுக்கு வேறு கதை. பொனற்றின் நடுவே மூக்கிலிருந்து கண்ணாடி வரை ஒரு தட்டையான பட்டி ஓடும், கவனித்திருக்கிறீர்களா? அந்தக் காரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ், மாதிரி வாகனம் செய்து முடித்த பிறகு அது ஒடுங்கிப் போய்விட்டது என்று நினைத்து, நட்டநடுவே நெடுக வெட்டி, நாலு அங்குலம் விலக்கிப் பார்த்தார். அளவு பிடித்துப்போனது. அந்த நாலு அங்குலம் நிரப்பிய இடம்தான் அந்தப் பட்டி. செய்துகொண்டிருந்த காலத்தில் காருக்கு வைத்திருந்த பெயர் மொஸ்கிட்டோ, அதாவது நுளம்பு. கம்பெனியின் தலைவர் நஃபீல்ட் பிரபுவுக்கு அதைக் கண்ணில் காட்டக்கூடாது, ஓடில்லாமல் அவித்த முட்டை போல இருக்கிறது என்றார். 1948இல் வெளிவந்த அந்த முட்டைதான் பத்து இலட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார். பத்து வயதுப் பையனிடம் "இந்தக் காரை நடுவால வெட்டினவங்கள், எங்க எண்டு கண்டுபிடி" என்று சொல்லிப் பாருங்கள். பிறகு 1961க்கு முந்திய கார் என்றால் கதவுத் தூணுக்குள் இருந்து கை போல நீளுகிற சிக்னல் இருக்கும். அது ஒன்று வேலை செய்தாலே போதும், தெருப் பிள்ளைகள் எல்லாம் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

சரி, எதிலிருந்து தொடங்குவது? பன்ரமிலிருந்து. மனம் மொரிஸில்தான் இருக்கும், தெரியும். ஆனால் மொரிஸைச் சரியாகச் செய்ய ஒரு வருடம் போகும், நடுவில் காசு முடியும், பிள்ளைகளின் பொறுமை அதற்கு முன்னமே முடியும். பன்ரம் 125 சி.சி., இரண்டு ஸ்ற்றோக் எஞ்சின். வால்வு இல்லை, கேம் இல்லை. தலையைக் கழற்றினால் பிஸ்டன் தெரியும், அவ்வளவுதான். முக்கியமாக, அதைக் கொட்டிலில் வைத்துச் செய்யாதீர்கள். விறாந்தைக்குக் கொண்டுவாருங்கள். பழைய சாக்கை விரித்து, வெள்ளைத் துணியின் மேல் சாமான்களைக் கழற்றின ஒழுங்கில் அடுக்குங்கள். வீட்டுக்குள் போகிறவர் வருகிறவர் எல்லாம் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். நாலாம் நாள் யாராவது ஒருவர் "இது என்ன?" என்று கேட்பார். கேட்டால் ஒரு வசனத்தில் பதில் சொல்லுங்கள். விரிவுரை நடத்தினால் ஆள் போய்விடும்.

பன்ரமுக்கும் நல்ல கதை உண்டு. அது உண்மையில் டி.கே.டபிள்யூ. ஆர்.ரி. 125 என்ற ஜெர்மன் மோட்டார் சைக்கிள். இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியிடமிருந்து நட்டஈடாக அதன் வரைபடங்கள் வென்ற நாடுகளுக்குப் போயின. பி.எஸ்.ஏ. கம்பெனி கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாற்றி 1948இல் பன்ரமாக வெளியிட்டது. அதே வடிவத்தில் ரஷ்யாவில் மொஸ்க்வா, அமெரிக்காவில் ஹார்லியின் சின்ன வாகனம், 1955இல் யமஹாவின் முதல் மோட்டார் சைக்கிள் எல்லாம் பிறந்தன. உங்கள் கொட்டிலில் நிற்பதற்கு உலகம் முழுக்கச் சகோதரங்கள். நம்முடைய குடும்பங்களைப் போலத்தான்.

இடம் வலம் மாறினது என்றேன், அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பன்ரமில் கியர் வலது காலில், பிறேக் இடது காலில். இன்றைய மோட்டார் சைக்கிள் ஓடிப் பழகிய உங்கள் மச்சானோ மருமகனோ "ஒருக்கா ஓடிப் பாக்கிறன்" என்று ஏறினால், அவசரத்தில் பிறேக் என்று நினைத்து கியரை மிதிப்பார். என் வீட்டு மதிலில் அதற்கு அடையாளம் இருக்கிறது. யார் ஏறினாலும் முதலில் வளவுக்குள் பத்துச் சுற்று. பெற்றோலோடு ஒயில் கலப்பதை மகனிடம் ஒப்படையுங்கள். பழைய கணக்கு சுமார் இருபதுக்கு ஒன்று, 4 லீற்றருக்கு 200 மில்லிலீற்றர். அளந்து ஊற்றுகிற பொறுப்பு ஒரு பிள்ளைக்குப் பெரிய பதவி. ஊற்றும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், குசினி அடுப்புக்குத் தூரமாக இருக்கட்டும்.

மொரிஸுக்கு வந்தால், பிள்ளையோடு சேர்ந்து செய்யக்கூடிய ஆகச்சிறந்த வேலை பொயின்ற் வைப்பது, அதாவது பிளக்கில் பொறி விழுவதற்காகத் திறந்து மூடுகிற இரண்டு தொடுமுனைகளின் வெளியைச் சரிசெய்வது. இதை நான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் மகள் எனக்குத் திரும்பக் கிடைத்தது அந்த ஒரு மணித்தியாலத்தில்தான். அப்போது அவளுக்கு உங்கள் மகளின் வயது. நாலு பிளக்கையும் கழற்றிவிட்டால் எஞ்சின் லேசாகச் சுற்றும், முன்னால் ஹாண்டிலைப் போட்டு ஒரு கையால் திருப்பலாம். நாலு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ரிபியூற்றரின் மூடியையும் உள்ளே இருக்கும் றோட்டரையும் எடுத்துவிட்டால் ஒரு சின்னச் சதுரக் கேம் தெரியும். நான் முன்னால் குந்தியிருந்து ஹாண்டிலை மெல்லத் திருப்ப, அவள் பொனற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு "இன்னும், இன்னும், காணும்" என்றாள். கேமின் மூலை பொயின்றின் குதியை முழுதாகத் தள்ளி நிற்கிற இடம் அது. இரண்டு பொயின்றுக்கும் நடுவில் இருக்கவேண்டிய வெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு, 0.38 மில்லிமீற்றர். வெளியை அளக்கிற மெல்லிய தகட்டு இதழ்கள் கொண்ட ஃபீலர் கேஜில் அந்த அளவு இதழைச் செருகி இழுக்க வேண்டும். தடையில்லாமல் வந்தால் வெளி கூட. பொயின்ற்றையே தள்ளிக்கொண்டு போனால் குறைவு. சரியான இடத்தில் ஒரு மெல்லிய இழுவை இருக்கும். அதை வாயால் விளக்க எனக்குத் தெரியவில்லை. அவள் மூன்றுதரம் இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, மூடின கொப்பிக்குள்ள இருந்து ஒரு தாளை உருவுற மாதிரி இருக்கு." அதேதான். இன்றைக்கும் யாருக்காவது சொல்லிக் கொடுக்கும்போது அவளுடைய வசனத்தைத்தான் சொல்கிறேன். இப்போது கொழும்பில் வேலை. வந்தால் முதலில் பொனற்றைத் திறந்து, "யார் இதில கை வச்சது?" என்று கேட்பாள்.

அந்த வயதுப் பிள்ளைக்கு இன்னொன்று காட்டுங்கள். சாவியைத் திருப்பினதும், எஞ்சினைத் தட்டாமல், காதை வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். எஸ்.யூ. கம்பெனிப் பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று அடிக்கும், காபரேற்றரின் கிண்ணம் நிறைந்ததும் அடங்கிவிடும். அடங்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது அல்லது தாங்கியில் பெற்றோல் இல்லை. அடிக்கவே இல்லையென்றால் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் பம்பில் ஒரு தட்டு. வாகனம் பேசுகிறது என்று நாம் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். இதைக் கேட்ட பிறகு சிரிக்கமாட்டார்கள்.

ஹாண்டில் அடித்து ஸ்ரார்ட் பண்ணுவதைக் காட்டுங்கள், ஆனால் பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துப் பிடிக்கப் பழக்கிய பிறகு. கீழேயிருந்து மேலே இழுப்பது மட்டும்தான், மேலிருந்து கீழே அமத்தக் கூடாது. எஞ்சின் திருப்பி அடித்தால் ஹாண்டில் விரல்களைவிட்டுக் கழன்று போகவேண்டும். பெருவிரலைச் சுற்றிப் பிடித்த என் பெரியப்பா, டொக்யாட்டில் ஃபிற்றராக வேலை பழகிய மனிதர், அவரே மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

பிள்ளைகளை ஏற்றப் போகிறீர்கள் என்றால் பெயின்றுக்கு முன்னால் பிறேக். மைனரில் நாலு சில்லுக்கும் ஒரே குழாய்வழிதான். ஓரிடத்தில் கசிந்தால் நாலும் போகும், பிறகு கைபிறேக் மட்டும்தான். சிலிண்டர் ரப்பர்கள், குழாய்கள் எல்லாம் புதிதாகப் போடுங்கள், இதில் காசு பார்க்க வேண்டாம். பழைய பிறேக் சூவில் அஸ்பெஸ்டஸ் இருக்கும், ட்ரம்மைத் திறந்து வாயால் ஊதுகிற பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. ஈரத்துணியால் துடையுங்கள், அந்த நேரம் பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். முன்சில்லைத் தாங்கும் ட்ரனியனுக்குக் கிறீஸ் போகிறதா என்று பாருங்கள். அது தேய்ந்து கழன்றால் சில்லு மடிந்து கார் மூக்கால் விழும். கிறீஸ் கன் அடிப்பது மகனின் வேலையாக இருக்கட்டும், பழைய கிறீஸ் பிதுங்கி வெளியே வருவதைப் பார்க்க எந்தப் பையனுக்கும் பிடிக்கும். பெல்ட் இல்லாத சீற்றில் பெல்ட் போடுங்கள். பிறகு, அந்தக் காரில் பற்றறியின் நேர்முனைதான் உடம்போடு பூட்டியிருக்கும், இன்றைய காருக்கு மறுவளம். தெரியாமல் பக்கத்து வீட்டு வாகனத்திலிருந்து கரண்ட் எடுக்கப்போய் வயரைக் கருக்கியவர்களைக் கண்டிருக்கிறேன்.

கடற்காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உப்புவெளியில் இருக்கிறீர்கள். தறப்பாள் போட்டு மூடுவதை மட்டும் விடுங்கள். உள்ளே ஈரம் நின்று, வெளியே நின்றதைவிடக் கெதியாகத் துருப்பிடிக்கும். உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கழுவுவதும் கழுவாமல் விடுவதும் ஒன்றுதான். பின் ஸ்பிரிங் பூட்டுகிற இடமும் கதவுக்குக் கீழே உள்ள சட்டமும் எப்படி இருக்கிறதென்று முதலில் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். அது உள்ளே போனால் வெல்டிங் பாஸைத் தேடவேண்டியதுதான்.

ஓட்டத்துக்கு வருவோம். இங்கேதான் நான் செய்த பெரிய பிழை. மொரிஸ் முதன்முதல் சரியாக ஓடியதும் வந்த துணிவில், குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு ஹபரணைப் பக்கம் புறப்பட்டேன். கச்சான் காற்று அனலாக அடிக்கிற ஆவணி மாதம், பகல் பதினொரு மணி. கந்தளாய் தாண்டமுன்னம் ரேடியேற்றர் கொதித்தது. அந்தக் காரில் சூட்டைக் காட்டுகிற மீற்றர் இல்லை என்பது எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே பழைய ரேடியேற்றரைக் கழுவாமல் போனேன். இரண்டு மணித்தியாலம் மர நிழலில் நின்றோம். மகன் சத்தி எடுத்தான். மாமி ஒரு சொல் பேசவில்லை, அதுதான் கூட நொந்தது. இரண்டு வருடம் ஒருவரும் அந்தக் காரில் ஏறவில்லை.

இப்போது எங்கள் ஓட்டம் எல்லாம் விடியக்காலை ஆறு மணிக்கு, போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய் ஏழு கிணற்றிலும் ஒவ்வொரு வாளி அள்ளி ஊற்றிவிட்டு வரலாம். இல்லையென்றால் சாம்பல்தீவுப் பாலம் வரை போய், மீன் வாங்கிக்கொண்டு வரலாம். வீட்டில் உள்ளவர்களுக்கு எங்கே போகவேண்டியிருக்கிறதோ அங்கே கார் போகவேண்டும், காரைக் காட்டுவதற்காக அவர்களைக் கொண்டு போகக்கூடாது. கோணேசர் கோயிலுக்குப் போவதென்றால் கோட்டை வாசலுக்குள்ளேயே கியரைக் குறையுங்கள். முதல் கியர் ஓட்டத்தில் விழாது, நின்றுதான் போடவேண்டும், குறுக்கே மான் வேறு வந்து நிற்கும். ஏறி முடிந்ததும் எங்கள் வீட்டில் எல்லோரும் கை தட்டுவார்கள். பகிடியாகத் தொடங்கியது, இப்போது தட்டாவிட்டால் எனக்கு என்னவோ போல இருக்கிறது.

மனைவியின் காசுக் கேள்வி நியாயமானது. ஒரு கொப்பி போடுங்கள், அதை அவரிடம் கொடுங்கள். மாதத்துக்கு இவ்வளவு என்று அவர் சொல்லட்டும். என் கொப்பியில் "மூத்தாள் செலவு" என்று தலைப்புப் போட்டு மனைவியே எழுதுகிறார், ஒருமுறை கணக்கு மிஞ்சியபோது அவரே "ரயரை மாத்துங்கோவன்" என்றார். நிறத்தையும் அவர்களிடம் விடுங்கள். எங்கள் மொரிஸ் சாம்பல் நிறத்தில் வந்தது, இப்போது நீலம். பழையபடியே இருக்கவேண்டும் என்கிறவர்கள் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். பிதுக்கட்டும், பிள்ளைகள் தெரிந்தெடுத்த நீலம்.

அண்ணாவின் விசயம் கொஞ்சம் கவனமாக. அப்பாவின் பெயரில் இருக்கும் வாகனம் உங்களுடையது மட்டும் இல்லை, சகோதரங்களுக்கும் பங்குண்டு. நாலு வருடம் உழைத்துச் செய்த பிறகு அந்தப் பேச்சு வந்தால் மனக்கசப்பு வரும். இப்போதே பேசி, எழுத்தில் வைத்து, பதிவுப் புத்தகத்தில் பெயரை மாற்றி, வருமான அனுமதிப்பத்திரத்தையும் காப்புறுதியையும் ஒழுங்காக்குங்கள். பேசுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். பன்ரம் முதல்முறை வெடித்துத் தொடங்குகிற நேரம் அண்ணாவை வீடியோவில் எடுங்கள். என் மச்சான் ஒருவர் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்டின் கேம்பிறிட்ஜ் ஒன்றை மண்ணெண்ணெயில் ஓடினவர். காபரேற்றருக்குள் ஒரு துளி பெற்றோல் விட்டுத் தட்டுவார், எஞ்சின் சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். பழைய எஞ்சினின் அமுக்கம் குறைவு, அதனால்தான் அது தாங்கியது. இப்போது லண்டனில் இருக்கிறார். எங்கள் மொரிஸின் சத்தத்தை ஃபோனில் கேட்டுவிட்டு, "மூண்டாவது சிலிண்டர் பிந்தி அடிக்குது" என்றார். சரியாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு பிளக் வாங்கி அனுப்புவது அவர்தான்.

எல்லோருக்கும் பிடிக்கும் என்று நான் சொல்லமாட்டேன். என் மகனுக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. நட்டுக்குச் சத்தம் போட்டதை அவன் மறக்கவில்லையோ, அல்லது அவனுக்கு உண்மையாகவே கிரிக்கெட்தான் பெரிதோ, தெரியாது. ஓட்டம் போகும்போது வருவான், பின்சீற்றில் இருந்து கை சிக்னலை மட்டும் போடச் சொல்வான், மீன் வாங்கினதும் வீட்டுக்குப் போகலாமா என்பான். அவ்வளவுக்கு அவன் வரட்டும்.

ஐப்பசி மழை தொடங்கினால் எப்படியும் வெளியே வேலை இல்லை, பன்ரமை விறாந்தைக்குக் கொண்டுவர அதுதான் நல்ல நேரம். சரஸ்வதி பூசைக்கு ஸ்பானர் பெட்டியையும் புத்தகங்களோடு வையுங்கள், அம்மாவுக்குச் சந்தோசமாக இருக்கும். கிக்கரை மட்டும் இப்போது அடித்துப் பார்த்துவிடாதீர்கள். இவ்வளவு காலம் நின்ற எஞ்சினில் பிஸ்டன் வளையம் சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம். பிளக்கைக் கழற்றி, ஓட்டை வழியாக இரண்டு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, இரண்டு நாள் பேசாமல் விடுங்கள். மூன்றாம் நாள் பிள்ளைகளில் ஒருவரைக் கூப்பிட்டு, கிக்கரைக் காலால் இல்லாமல் கையால், மெல்ல அமத்தச் சொல்லுங்கள். அசைந்தால் எனக்கு எழுதுங்கள். இறுகி நின்றாலும் எழுதுங்கள், அதற்கு வேறு வைத்தியம் இருக்கிறது.